பீப்பாய்கள் பொங்கிய வாரம்

அண்ணன் விழுந்தபோது சத்தமே வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என் மனம் ஏற்க மறுக்கிறது. ஐம்பத்தாறு வயது, எண்பது கிலோவுக்குக் குறையாத உடம்பு. படியில் இறங்கினார், குனிந்தார், முழங்கால் மடங்கி உட்காருவதுபோலச் சரிந்தார். ஒரு இருமல்கூட இல்லை. நான் கையில் தேநீர்த் தட்டோடு வாசலுக்கு நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியைத் தூக்குவதற்காகத்தான் உட்காருகிறார் என்று நினைத்தேன்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, ஒயின் செய்கிற இடத்தில் எப்படிச் சாவு வரும் என்பதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிவரை எனக்கும் அது தெரியாது.

அண்ணன் ரவாங்கில் ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். ஒருநாள் அதை மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய ஆளுக்கு வேறு வேலை யார் தருவார்கள்? தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சை அறுவடைக்குப் போனார். மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்த குடும்பம் மறுபடியும் இன்னொரு நாட்டுத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அது ஒரே குடும்பம் நாலு தலைமுறையாக நடத்தும் ஒயின் தோட்டம். முதல் பருவம் வெயிலில் குலை வெட்டினார். இரண்டாவது பருவத்தில் பீப்பாய் அறைக்குள் வேலை கொடுத்தார்கள். வெள்ளைத் திராட்சையின் சாற்றை இரும்புத் தொட்டியில் விடாமல் ஓக் மரப் பீப்பாயிலேயே நொதிக்க விடுவது அந்தக் குடும்பத்தின் பழக்கம். அங்கிருந்து வீடியோ கால் போட்டு, பீப்பாய்க்குப் பக்கத்தில் போனை வைத்துக் காட்டுவார்.

"கேக்குதா பாப்பா? பேசுது பாரு."

உள்ளே ஏதோ அரிசி பொரிவதுபோல ஒரு சத்தம். நான், "ஆமா, கேக்குது" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன். கோல சிலாங்கூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை எனக்கு. பீப்பாயோடு எனக்கென்ன?

திரும்பி வந்ததும் அவர் ரவாங் வீட்டில் தங்கவில்லை. அண்ணிக்கு அவள் அப்பா எழுதி வைத்த ஏழு ஏக்கர் தென்னை சுங்கை பஞ்சாங்கில் இருந்தது. சுற்றிலும் வயல், வாய்க்கால், மலாய்க்காரர்களின் தோப்புகள். தமிழ்க் குடும்பம் அந்தப் பாதையில் இவர்களுடையது ஒன்றுதான். இருவரும் அங்கே குடி போனார்கள். போன மாதத்திலேயே என் வீட்டுக்கு வந்து திட்டத்தைச் சொன்னார்.

"பாளையில வடியறதும் சாறுதானே. அதையும் பீப்பாய்ல போட்டு வெள்ள வைன் செய்யலாம் லா."

"அதுக்குப் பேரு கள்ளு" என்றேன். "நம்மப்பா அதக் குடிச்சுத்தான் போனாரு."

"கள்ளு ஒரு நாள்ல புளிச்சிரும். இது மூணு மாசம் கெடக்கும். ரெண்டும் ஒண்ணா?"

"குடிக்கிறவனுக்கு ஒண்ணுதான்."

அண்ணி அதிகம் பேசமாட்டாள். என் சமையலறை ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர்கள் போன பிறகு ஒரு வருடம் நான் அந்தத் தோப்புப் பக்கம் போகவில்லை.

ஆனால் அவர்கள் விளையாட்டாகச் செய்யவில்லை. லைசென்ஸ் வாங்க இரண்டு வருடம் அலைந்தார்கள். ஏணி வைத்தாலே எட்டும் குட்டைத் தென்னையாக நட்டு, காலையும் மாலையும் அண்ணியே பாளை சீவினாள். சாறு புளிக்குமுன் காய்ச்சி, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டு, பீப்பாயில் ஊற்றுவார்கள். அந்த ஆஸ்திரேலியக் குடும்பமே பழைய ஓக் பீப்பாய்கள் எட்டை அனுப்பி வைத்தது. ஒவ்வொன்றும் என் மார்பளவு உயரம். காய்ந்துபோய் வந்த பலகைகளைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்ப வைத்தார் அண்ணன்.

பீப்பாய்களை வைக்க இடமும் தோப்பிலேயே இருந்தது. அண்ணியின் அப்பா காலத்தில் கொப்பரை காயவைக்கக் கட்டிய செங்கல் கட்டடம். மேலே தேங்காய் பரப்பும் மரச்சட்டங்கள், கீழே மட்டை போட்டுத் தீ மூட்டும் பள்ளம். அண்ணன் சட்டங்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, பள்ளத்தைச் சுத்தம் செய்து சிமெண்டு பூசினார். வாசலிலிருந்து நாலு படி கீழே இறங்க வேண்டும். கனத்த சுவர், அந்த ஊர் வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும்.

முதல் வருடம் இரண்டு பீப்பாய் வினிகராகிப் போனது. அடுத்த வருடம் தீபாவளிக்கு என்னிடம் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். அப்பாவை நினைத்துக்கொண்டே வாங்கினேன். வைக்கோல் நிறம். கள்ளின் நாற்றம் இல்லை. வறுத்த தேங்காய்ப்பூவும் ஈர மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஒரு வாய்தான் குடித்தேன். "எப்படி?" என்று கேட்டது அண்ணன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணி. எந்தப் பீப்பாய் எப்போது சரியாகும், எதைக் கிளற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவள் மூக்குதான் முடிவு செய்தது. அண்ணன் பெருமையாகச் சொல்வார்: "நான் தொழிலாளி. மொதலாளி அவ மூக்கு."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகத் தொடங்கினேன். பாட்டில் கழுவுவேன், லேபிள் ஒட்டுவேன்.

அதுவரை ஒரு நேரத்தில் இரண்டு பீப்பாய், மிஞ்சினால் மூன்று பீப்பாய்தான் நொதித்துக்கொண்டிருக்கும். மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள் இரண்டும் திறந்தே கிடக்கும். போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு கோலாலம்பூரில் ஓட்டல் நடத்தும் ஒருவர் வந்து சுவைத்துவிட்டு, எட்டுப் பீப்பாயையும் தனக்கே வேண்டும் என்றார். அண்ணன் அன்று ராஜா மாதிரி நடந்தார். அந்த ஒயின் மெதுவாக, குளிரில் நொதித்தால் இன்னும் நன்றாக வரும் என்று ஒரு ஏர்கான் வாங்கி மாட்டினார். குளிர் வெளியே போகாமல் இரண்டு ஜன்னலையும் பலகை வைத்து அடைத்து, ஓரத்தில் டேப் ஒட்டினார். பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் சாறு வாங்கி, ஒரே வாரத்தில் எட்டுப் பீப்பாயையும் நிரப்பினார்கள்.

ஒவ்வொரு பீப்பாயின் தக்கையிலும் ஒரு குழாய். அதன் நுனி ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள். அதில் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது என்ன என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "சோடால வர்ற காத்துதான்" என்றார் அண்ணன். சோடாவுக்கு யாராவது பயப்படுவார்களா?

அந்த ஞாயிறு தஞ்சோங் காராங்கில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் மூன்று வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் மாமரத்தடியில் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி கையைத் துடைத்தபடி எழுந்தாள்.

"தேத்தண்ணி போடு பாப்பா. நான் உள்ள ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

அதுதான் அவள் சொன்னது. நான் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பால் டின் புதிது. திறப்பானைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று கோப்பையில் கலக்கித் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் மரத்தடியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏய், என்ன செய்யிற உள்ள? தேத்தண்ணி வந்திருச்சு."

பதில் இல்லை. அவர் எழுந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தார். ஒரு விநாடி அப்படியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், "மயங்கிட்டா" என்றார். அவ்வளவுதான். படியில் ஓடி இறங்கினார்.

நான் வேகமாக நடந்தேன். தட்டைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அண்ணி பலகைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பீப்பாயின் மீது கவிழ்ந்து கிடந்தாள், துவைத்த துணியைப் போட்ட மாதிரி. அண்ணன் அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். அப்போதுதான் அவருடைய முழங்கால் மடங்கியது. கை விடுபட்டது. முகம் குப்புறத் தரையில் போய்ப் படுத்தார்.

"அண்ணே."

எட்டுப் பீப்பாயின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

தட்டு எப்போது விழுந்தது என்று தெரியாது. நான் முதல் படியில் கால் வைத்தேன், இரண்டாவதிலும் வைத்தேன். குனிந்து அவரைக் கூப்பிட மூச்சை இழுத்தபோது மூக்குக்குள் சுரீரென்று ஏறியது. வேகமாகச் சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அதே எரிச்சல், அதைப்போலப் பத்து மடங்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பின்னால் பாய்ந்து வெளியே வந்து புல்லில் விழுந்தேன்.

அதன்பிறகு நான் உள்ளே போகவில்லை.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. உள்ளே காற்று கெட்டிருக்கிறது, போனால் நானும் விழுவேன், வெளியே ஒரு ஆள் வேண்டும் என்றெல்லாம் யோசித்து நிற்கவில்லை. என் அண்ணனும் அண்ணியும் பத்தடி தூரத்தில் கிடந்தார்கள். என் கால் அசையவில்லை. அவ்வளவுதான்.

கத்தினேன். போனை எடுத்து 999 அடித்தேன். ஒரு பெண் குரல் மலாயில் பாதையின் பெயரையும் முனையில் என்ன கடை என்பதையும் கேட்டது. எல்லாம் சரியாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நடந்ததைச் சொன்னதும் அவள், "உள்ளே போகாதீர்கள், அக்கா. போகாதீர்கள். வண்டி புறப்பட்டுவிட்டது" என்றாள்.

என் கத்தலைக் கேட்டு அடுத்த நிலத்து மலாய்க்காரர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். அறுபது தாண்டிய மனிதர், நாங்கள் பாக்சிக், மாமா என்று மலாயில் கூப்பிடுவோம். இத்தனை வருடத்தில் அவர் அண்ணனுக்கு வாழைத்தார் கொடுத்திருக்கிறார், வயல் தண்ணீர் பற்றிப் பேசியிருக்கிறார். பீப்பாய்க் கட்டடத்தின் பக்கம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அது மது இருக்கும் இடம். அன்று ஒரு நொடிகூட யோசிக்காமல் நேரே வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிணற்றுக் காற்று" என்றார் மலாயில். "என் சித்தப்பா கிணற்றில் இறங்கி இப்படித்தான் போனார்."

தேங்காய் உரிக்கும் கம்பியைத் தரையிலிருந்து பிடுங்கி ஜன்னல் பலகையைக் குத்திப் பெயர்த்தார். ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. சுவரோரம் அண்ணன் காய்ந்த இலைகளை ஊதித் தள்ள வைத்திருந்த முதுகு மெஷின் கிடந்தது. அதை நான்தான் காட்டினேன். அவர் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது கிளம்பியது. அதன் குழாயைப் படிக்குக் கீழே நீட்டி, "இப்படியே பிடி, அசையாதே" என்று என் கையில் கொடுத்தார். காற்று உள்ளே சீறிப் போனது. அண்ணனின் சட்டை முதுகில் படபடவென்று அடித்தது. சட்டைதான் அசைந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தேன் என்று பிறகு போலீஸ் கேட்டது. ஐந்து நிமிடம் இருக்கலாம், பத்து இருக்கலாம். பாக்சிக் தன் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என் இடது கையில் சுற்றினார்.

"நான் விழுந்தால் மெஷினைப் போட்டுவிட்டு இழு. உள்ளே வராதே."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பீப்பாய் மேல் கிடந்த அண்ணியின் சட்டையைப் பற்றி இழுத்து, படிவரை கொண்டு வந்து போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து மூச்சு விட்டார். இருவருமாக அவளைப் புல்லுக்கு இழுத்தோம். உதடு நீலமாக இருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் ஏறியது, இறங்கியது.

அண்ணனுக்காக அவர் இரண்டு முறை இறங்கினார். எண்பது கிலோவை ஒற்றை மூச்சில் அந்த வயதில் யார் இழுப்பார்கள்? இரண்டாவது முறை தட்டுத்தடுமாறி ஏறி வந்து வாந்தி எடுத்தார். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. முகமூடியும் முதுகில் சிலிண்டரும் போட்ட இரண்டு பேர் இறங்கி அண்ணனைக் கொண்டு வந்து, அண்ணிக்குப் பக்கத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அழுத்திக்கொண்டே போனார்கள்.

அங்கே ஒரு இளம் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

தீயணைப்பு அதிகாரி மாலையில் வந்து விளக்கினார். சாறு நொதிக்கும்போது வருகிற கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தண்ணீர்போல் தேங்கும். ஜன்னல் இரண்டும் அடைபட்ட அறை, ஏர்கான் இருந்த காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கிறது, எட்டுப் பீப்பாய் ஒரே சமயத்தில் பொங்குகிறது. அண்ணியின் தலை பீப்பாயின் மேல் உயரத்தில் கிடந்தது, அதனால் அவளுக்குக் கொஞ்சம் காற்று கிடைத்திருக்கிறது. அண்ணன் விழுந்தது தரையில்.

"முதலில் மயங்கியவர் பிழைப்பதும் காப்பாற்றப் போனவர் இறப்பதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான்" என்றார் அவர். அவர் அதை ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஒருத்திக்கு மூச்சு இருந்ததும் ஒருத்தருக்கு இல்லாமல் போனதும் நாலடி உயரத்தில்தானா?

அண்ணி மறுநாள் கண் விழித்தாள். தலைவலி, வாந்தி, பேச்சில் கொஞ்சம் குழறல். வாசல் படியில் இறங்கியதுவரைதான் அவளுக்கு நினைவு இருந்தது.

"அவரு எங்க?" என்றாள்.

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"என்னைத் தூக்கவா வந்தாரு?"

தலையை ஆட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தோப்பு வீட்டுக்கு உடுப்பு எடுக்கப் போனபோது சமையலறை மேசையில் மூன்று நாசி லெமாக் பொட்டலமும் எறும்பு மொய்த்துக் கிடந்தன. வரவேற்பறை மூலையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளேயிருக்கும் காற்றை வெளியே தள்ளும் விசிறி. பிரிக்கவே இல்லை. மாட்டுவதற்குப் புதன்கிழமை வருவதாக எலக்ட்ரீசியன் சொல்லியிருந்தாராம். நான் அந்தப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏர்கானை ஏன் முதலில் மாட்டினார்? ஏன் புதன்கிழமைவரை காத்திருக்கவில்லை? யாரிடம் கேட்பது?

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் ரவாங்கிலிருந்தும் கோல சிலாங்கூரிலிருந்தும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தலில் இரண்டு விதமான பேச்சு நடந்தது. ஒன்று, கள்ளு அப்பனையும் கொண்டுபோச்சு, மகனையும் கொண்டுபோச்சு என்பது. மற்றது மெல்லிய குரலில்: "கூடப் பொறந்தவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாளாம்."

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொன்னவளின் கிளாஸிலும் ஊற்றினேன். கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

எல்லாரும் போன பிறகு நானும் அண்ணியும் அடுப்படியில் பாத்திரம் துலக்கினோம். அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"நீ ஏன் உள்ள வரல?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

"தெரியல அண்ணி. மூக்குல சுரீர்னு ஏறிச்சு. வெளிய வந்து விழுந்தேன். அப்புறம் கால் வரல."

"வந்திருந்தா மூணு பேரு."

"அத நெனச்சு நிக்கல நான். பயந்துட்டேன்."

"சரி" என்றாள். ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியும் பாப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அங்க அந்தத் தோட்டத்துல மொத நாளே சொல்லிக் குடுத்தாங்களாம். பீப்பாய் ரூம்புல யாராச்சும் விழுந்தா உள்ள போகாதே, கதவத் தெறந்து வச்சிட்டு ஆளக் கூப்பிடுன்னு. கதவுல எழுதியே ஒட்டியிருப்பாங்களாம். எங்கிட்டயும் சொல்லியிருக்காரு. நம்மளுது சின்ன எடம், நமக்கு அதெல்லாம் வேணாம்னு சிரிச்சாரு." அவள் ஈரக் கையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கதவத் தெறந்தாரில்ல, அங்கயே நின்னிருக்கணும். தெரிஞ்ச மனுஷன். ஏன் எறங்குனாரு? நான் கேட்டனா?"

எனக்கு அது அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. அதுவரை நான் நினைத்தது எல்லாம், தெரியாமல் இறங்கிவிட்டார், தெரிந்திருந்தால் நின்றிருப்பார் என்பதுதான். அவர் வாசலில் நின்ற அந்த ஒரு விநாடி என் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. திரும்பி என்னைப் பார்த்தாரே, அப்போது அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான், "மயங்கிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார்.

அண்ணி அழுதது கோபத்தில். பல மாதம் அந்தக் கோபம் இருந்தது. அவர் படத்துக்கு விளக்கு ஏற்றும்போதுகூட முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் ஏற்றுவாள்.

பாக்சிக்கைப் பார்க்க நாங்கள் இருவரும் பழம் வாங்கிக்கொண்டு போனோம். அவர் எங்களை உட்கார வைத்துவிட்டு, அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். உன் கணவரை என்னால் இழுக்க முடியவில்லை, வயதாகிவிட்டது என்றார். அண்ணிக்கு மலாய் நன்றாக வரும். அன்று பழப் பையை மட்டும் அவர் முன்னால் தள்ளி வைத்தாள். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை எல்லாம் முடிந்து கட்டடத்தின் சாவி திரும்பி வந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. எட்டுப் பீப்பாயையும் கோடாரியால் பிளந்து வாய்க்காலில் விடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் என்னை லீவு போட்டு வரச் சொன்னாள். போனால், ஆள் வைத்துப் பீப்பாய்களை எல்லாம் வெளியே எடுத்து, நாலு பக்கமும் சுவரில்லாத தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தாள்.

"என்ன செய்யப் போற அண்ணி?"

"பாட்டில்ல அடைக்கணும்."

"இதையா?" என்று கேட்டேன். "இத யாருக்கு அண்ணி விக்கிறது?"

"எட்டுலயும் அவரு கை பட்டிருக்கு. கொட்டவா சொல்ற?"

அவள் ஒவ்வொரு தக்கையாகத் திறந்து முகர்ந்தாள். முதல் பீப்பாயில் முகத்தைத் தாழ்த்தும்போது நான் அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். திறந்தவெளியில், நொதித்து ஓய்ந்த பீப்பாயில் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் கை தானாகப் போய்ப் பிடித்தது. அவள் தட்டிவிடவில்லை. இரண்டு பீப்பாய் கெட்டிருந்தது. ஆறு தேறும் என்றாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். என்னிடம் நீட்டினாள். என்னால் முடியவில்லை.

ஆறு பீப்பாயும் ஓட்டலுக்குப் போயிற்று. ஓட்டல்காரருக்கு நடந்தது தெரியும். சாவு வீட்டுக்கும் வந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அண்ணியின் போனில் எழுத்துகள் சின்னதாக இருப்பதால் நான்தான் படித்தேன். இதுவரை நீங்கள் அனுப்பியதில் இதுதான் மிகச் சிறந்தது, வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், குளிரில் மெதுவாக நொதித்ததால் இருக்கும், இதே மாதிரி இன்னொரு முறை செய்ய முடியுமா என்று எழுதியிருந்தார்.

படித்து முடித்தும் போனைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் நினைத்தது சரியாகிவிட்டது. அடைத்த ஜன்னலும் ஏர்கானும் சேர்ந்து நல்ல ஒயினைத்தான் தந்திருக்கின்றன. அதை எங்கே கொண்டு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி ஏணியில் நின்று பாளை சீவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"செய்வோம், ஆனா இது மாதிரி வராதுன்னு எழுது" என்றாள்.

நான் எழுதி அனுப்பினேன்.